ராட்டினத்துக்கு எடுத்துப்போன கயிறு

படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் துடுப்பும் கயிறும்தான். பென்சிலைப் பிடித்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. எழுத்து மேலும் கீழுமாகப் போகும். பிழையும் நிறைய இருக்கும். எதிரில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்பது எண்ணூரில் எல்லாருக்கும் தெரியும். எழுதுவதற்கு எதிரில் ஆள் வேண்டாம். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதச் சொன்னது என் மனைவி. மார்கழி பிறந்தால் பட்டணத்தில் பொருட்காட்சி போடுகிறார்கள். இந்த வருஷம் எங்கள் குப்பத்திலிருந்து பல வீட்டார் கிளம்புகிறார்கள். எங்களுக்கு முன்னால் இந்தக் குப்பத்தில் யாரும் அங்கே போனதில்லை என்பதால், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் இவளிடம் வந்து, என்ன எடுத்துப் போவது, என்ன வாங்கிப் போவது என்று கேட்கிறாள். இவளும் மீன் கூடையை இறக்காமலே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "எனக்கு வாயே நோவுது. நீதான் பேச மாட்டே, எழுதியாச்சும் குடேன்" என்றாள்.

என்ன எடுத்துப் போவது என்று மட்டும் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் நாங்கள் எடுத்துப் போனதில் எது உதவியது, எது உபத்திரவம் செய்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பயணம் முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவளுக்குப் பிறந்த ஊர் காட்டுப்பள்ளி. இவளுடைய அக்காளை ராயபுரத்தில் கொடுத்திருந்தார்கள். அக்காள் புருஷன், அதாவது என் சகலை, துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. காக்கி நிஜாரும் சட்டையுமாக எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தலில் உட்கார்ந்து பொருட்காட்சியைப் பற்றியே பேசினார். அங்கே ஒரு ராட்டினம் இருக்கிறதாம், அதன் உச்சிக்குப் போனால் பனைமரமெல்லாம் துடைப்பக்குச்சி மாதிரி தெரியுமாம். மணப்பெண்ணாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் சாய்ந்து, "மாமா, என்ன அத்துல ஏத்துவியா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் கார்த்திகையில் எங்களைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. விடியுமுன் போன எங்கள் கட்டுமரம் மத்தியானத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். வடகிழக்குக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டே போய் எங்களைக் கோவளத்துக் கரையில் ஏற்றியது. மறுநாள் நாங்கள் வந்து சேர்ந்தபோது குப்பத்துப் பெண்கள் எல்லாம் கரையில் விழுந்து அழுது முடித்து, தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பெண்கள் ஓடி வந்து புருஷனை அடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். இவள் எழுந்து வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சில நாள் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒருநாள் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்க நைனாவும் இப்டித்தான் போச்சு. அது திரும்பி வரல. எங்க அம்மா மாரி குந்திகினு கடலப் பாத்துகினே இருக்க என்னால ஆவாது. ஒண்ணு நீ கடல உடு. இல்லாங்காட்டி என்ன எங்க அம்மா வூட்ல உட்டுடு."

நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூடைக்கு நார் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எம் மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கற? உம் பொண்டாட்டி, உங் கடலு. நடுவுல நா வர மாட்டேன்" என்றாள்.

இவள் எப்படியோ அக்காளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ராயபுரத்திலிருந்து பதில் வந்தது. துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், சகலை தன் மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் வந்து சில நாள் தங்க வேண்டும், பொருட்காட்சியும் பார்த்த மாதிரி, மேஸ்திரியையும் பார்த்த மாதிரி. எனக்கு ராட்டினம் தெரிந்தது. இவளுக்கு மேஸ்திரி தெரிந்தார். அப்படித்தான் மூட்டை கட்ட ஆரம்பித்தோம்.

எங்களுக்குக் கடலுக்குக் கட்டத்தான் தெரியும், ஊருக்குக் கட்டத் தெரியாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டுமரம் என்பது பெயருக்கு ஏற்ற மாதிரி கட்டிய மரம்தான். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவோம். மறுபடி போகும்போது சேர்த்துக் கட்டுவோம். அதன் மேலே கட்டாமல் எதை வைத்தாலும் அலை கொண்டுபோய்விடும். தண்ணீர்க் குடுக்கையைக் கட்டுவோம், சோற்றுப் பானையைக் கட்டுவோம், புகையிலைப் பொட்டலத்தை இடுப்பில் கட்டுவோம். நாங்கள் கட்டிய முடிச்சைத் தவிர வேறு எதையும் நம்பிப் பழக்கமில்லை.

அண்டை வீட்டில் ஒரு தகரப் பெட்டி இரவல் வாங்கினோம். பூட்டு துருப்பிடித்து உடைந்திருந்தது. அதனால் கயிறு போட்டுக் கட்டினேன். பெட்டிக்குத் தேவையானதைப் போல நாலு பங்கு நீளம். இவள் பார்த்துவிட்டு, "பொட்டியக் கட்டறியா, வூட்டையே கட்டறியா?" என்றாள். அடுத்து நான் சுரைக்குடுக்கையில் தண்ணீர் பிடித்தேன். "பட்டணத்துல தண்ணியே இல்லியா?" என்றாள். தண்ணீர் இல்லாமல் வீட்டை விட்டு நான் எங்கேயும் போனதில்லை. அம்மா நெத்திலிக் கருவாட்டையும் வஞ்சிரக் கருவாட்டையும் ஓலையில் சுற்றி, அதைத் துணியில் சுற்றி, அதன் மேல் பழைய சாக்கைச் சுற்றினாள். இவள் புளிச்சோறு கட்டினாள். கல்யாணப் புடவையை எடுத்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

மிச்சத்தைப் பட்டணத்து எல்லையில், டோல்கேட்டில் வாங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெற்கத்திக்காரர் ஒருவரின் மளிகைக்கடை இருந்தது. அதன் பக்கத்திலேயே செருப்புக்கடை. அண்ணாச்சி எங்கள் பெட்டியையும் கயிற்றையும் குடுக்கையையும் பார்த்துவிட்டு, "எங்க, காசிக்கா?" என்று கேட்டார்.

"பொருட்காட்சிக்கு" என்றாள் இவள்.

"அதுக்கா இம்புட்டுச் சாமான்? சரி, கேட்டுக்கிடுங்க. அங்க திங்கிறதெல்லாம் ஆன வெல குதிர வெல. பொரிகடல வாங்கிட்டுப் போங்க, பசி தாங்கும். கூட்டத்துல வேர்த்து ஊத்தும், ஒரு பவுடரு டப்பா வச்சுக்கிடுங்க. காலுல என்ன தாயி, வெறுங்காலு? அங்க ஆணி கீணியெல்லாம் கெடக்கும். பக்கத்துக் கடையில செருப்பு வாங்கிரு."

பொரிகடலை வாங்கினோம். பவுடர் வாங்கினோம். வாசனை சோப்பு ஒன்று, இவளுக்குச் சிவப்பு ரிப்பன், சின்னக் கண்ணாடி ஒன்று. செருப்பும் வாங்கினோம். இவளுக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் செருப்பு. கடையிலிருந்து சாலையைத் தாண்டுவதற்குள்ளேயே வாத்து மாதிரி நடந்தாள். நான் சிரிக்கவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ, "சிரிச்சே, கயிட்டி உன் தலையிலேயே வெப்பேன்" என்றாள். கோவளத்துக்குப் பிறகு அவள் என்னிடம் விளையாட்டாகப் பேசியது அப்போதுதான். அந்தச் செருப்புக்கு நான் கொடுத்தது நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் சகலை வீடு ஒரு நீளமான ஓட்டு வீட்டு வரிசையில் ஒரு அறை. அக்காள் கருவாட்டு மூட்டையை முகர்ந்து பார்த்து, "யம்மா, நம்ம ஊரு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சகலை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நல்ல மனுஷர். சத்தம்தான் அதிகம்.

"இன்னா சகல, முடிவு பண்ணிட்டியா? பொருட்காட்சி பாத்துட்டு, மறுநாள் காலைல மேஸ்திரிகிட்ட தலையக் காட்டு. சம்பளம் கரீட்டா வரும். மயயின்னாலும் வரும், வெயிலுன்னாலும் வரும். சங்கு ஊதுனா உள்ள போ, சங்கு ஊதுனா வூட்டுக்கு வா. பொண்டாட்டி நிம்மதியாத் தூங்கும். சோப்பு மட்டும் நாலு வாங்கிக்க, ஒரு சோப்புல உன் மீன் நாத்தம் போவாது."

நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுயா. வாயில இன்னா, கொயுக்கட்டையா?"

இவள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது திரும்பாமலே தெரிந்தது. எனக்குக் கடலைப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் உன்னைவிடப் பிடிக்கும் என்று அவள் காதில் விழுந்துவிடுமோ என்று பயம். பேசாமல் தலையை ஆட்டினேன். அது சரி என்கிற ஆட்டலா, யோசிக்கிறேன் என்கிற ஆட்டலா என்பது எனக்கே தெரியாது. சகலை சரி என்று எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார்.

மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் டிராம் ஏறினோம். அப்போதெல்லாம் டிராம் ஓடியது. சென்ட்ரல் பக்கம் இறங்கினபோதே வெளிச்சம் தெரிந்தது. மரத்துக்கு மரம் விளக்கு. நான் கயிற்றைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தேன். பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு கயிற்றை மட்டும் ஏன் எடுத்து வந்தேன் என்று சகலை கேட்டார். ராட்டினத்துக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெறும் கையோடு வந்து பழக்கமில்லை என்றேன். ஒரு தோளில் குடுக்கை, ஒரு கையில் கயிறு. எங்களுக்கு முன்னால் போன ஒரு கும்பல் என்னைப் பார்த்து, "டேய், கெணறு தோண்ட ஆளு வந்துகினு கீறான்டா" என்றது.

உள்ளே என்ன என்ன பார்த்தோம் என்பதை எழுதினால் இன்னொரு நோட்டு வேண்டும். மரக்கிணற்றுக்குள் ஒருத்தன் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். ஒரு கூடாரத்தில் கண்ணாடிகள் வைத்து ஆளைக் குட்டையாக்கி நெட்டையாக்கிக் காட்டினார்கள். முறம் மாதிரி அப்பளம் சுட்டு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தார்கள். சகலை இரண்டு தின்றார். தின்றுவிட்டுத் தண்ணீருக்கு அலைந்தார். குழாயடியில் திருவிழாக் கூட்டம். சோடாக்காரன் சொன்ன விலைக்கு அவருக்கு இன்னும் தொண்டை எரிந்தது. பேசாமல் குடுக்கையை நீட்டினேன். மடமடவென்று குடித்துவிட்டு, "சகல, இந்தச் சொரக்காய்க்கு நா ஒண்ணியும் சொல்ல மாட்டேன் இனிமே" என்றார். ஆகவே தண்ணீர் கொண்டு போங்கள். சிரிக்கிறவர்கள்தான் முதலில் கேட்பார்கள்.

இவள் பாதி வழியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். குதிகால் தோல் உரிந்துவிட்டது. செருப்பு வாங்குகிறவர்கள் இப்போதே வாங்கி குப்பத்திலேயே போட்டுப் பழகுங்கள். மணலில் செருப்போடு நடந்தால் சிரிப்பார்கள்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ராட்டினத்தடிக்கு வந்தோம். கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. பெரிய அலையில் மரம் செங்குத்தாக ஏறும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. அது என் மரம், நான் கட்டினது. இதை யார் கட்டினார்கள்? கயிறே காணோம். எல்லாம் இரும்பு. ஆள் உட்காரும் தொட்டிக்கு முன்னால் ஒரே ஒரு கம்பி, அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விடுகிறான் ராட்டினக்காரன். அக்காள் வரமாட்டேன் என்றாள். சகலை அக்காளுக்குத் துணைக்கு நிற்பதாகச் சொன்னார், நெற்றியில் வேர்வையோடு. இவள் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு, "தலைய ஆட்டுனியே, ஏத்து" என்றாள்.

தொட்டியில் உட்கார்ந்ததும் நான் கயிற்றை எடுத்தேன். அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று, சாய்மானத்தைச் சுற்றி ஒன்று, என்னையும் சேர்த்து இன்னொன்று. முடிச்சு அவள் கைக்கு எட்டக்கூடாது, பயத்தில் அவிழ்த்துவிடப் போகிறாள் என்று சாய்மானத்துக்குப் பின்னால் போட்டேன். மரம் கட்டுகிற அதே முடிச்சு. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ராட்டினக்காரன் ஓடி வந்தான். "இன்னா நைனா இது! பொண்டாட்டியக் கட்டிப் போட்டுகினு கீறே? அவுத்து உட்டா ஓடிடுமா?"

கூட்டத்தில் ஒருத்தன், "பொண்டாட்டி ஓடறதுக்கு இல்ல மாமு, அவரு ஓடிடுவாரு, மூஞ்சியப் பாரு!" என்றான்.

இவள்தான் பதில் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு கட்டறாரு, உனுக்கு இன்னா நோவுது? நீ சுத்து."

சுற்றினான். முதல் சுற்றில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். ஏறினோம், இறங்கினோம், எதையும் பார்க்கவில்லை. ராட்டினம் நின்றது. எங்கள் தொட்டி கீழே வந்ததும் ராட்டினக்காரன் கம்பியைத் தூக்கி, "எறங்கு, எறங்கு" என்றான்.

இறங்க முடியவில்லை. முடிச்சு எனக்குப் பின்னால் இருக்கிறது. மரத்தில் முடிச்சுப் போட்டால் நின்றுகொண்டு அவிழ்ப்போம். இங்கே என்னையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையைப் பின்னால் விட்டுத் தடவினால் கயிறு கிடைக்கிறது, முனை கிடைக்கவில்லை. தினம் அவிழ்க்கிற கைதான். ஆனால் ஏறி இறங்கியதில் முடிச்சு நகர்ந்து இறுகிவிட்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ராட்டினக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"சாவுகிராக்கி! காலங்காத்தால யாரு மூஞ்சில முயிச்சனோ! குந்து, குந்து, இன்னொரு வாட்டி சுத்திட்டு வா. மேல போயி அவுத்துக்க!"

கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. மறுபடி ஏறினோம்.

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன், தோள் அப்படிக் குலுங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள். அந்தச் சமயம் பார்த்து, கீழே ஆள் ஏற்ற ராட்டினம் நின்றது. நாங்கள் உச்சியில் இருந்தோம்.

இருட்டத் தொடங்கியிருந்தது. சென்ட்ரல் மணிக்கூண்டு எங்களுக்குச் சரிசமமாக நின்றது. அதற்கு அப்பால் வீடுகள், கூரைகள், துறைமுகத்துக் கப்பல் விளக்குகள். அவற்றுக்கும் அப்பால் கறுப்பாக ஒரு கோடு. அவள்தான் முதலில் பார்த்தாள். "மாமா, அது கடலா?"

"ஆமா."

"அங்க ஒண்ணு மினுக்கிகினு கீதே, அது?"

"கோர்ட்டு லைட்டு." கோர்ட்டு உச்சியில் இருக்கிற கலங்கரை விளக்கு. எண்ணூர்க் கடலிலிருந்து விடியுமுன் தெற்கே பார்த்தால் அதுதான் தெரியும். தினமும் நான் கடல் பக்கத்திலிருந்து பார்க்கிற விளக்கை அன்றைக்குத்தான் ஊர்ப் பக்கத்திலிருந்து, முதுகுப்புறமாகப் பார்த்தேன்.

"அங்க இருந்து பாத்தா உனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாள்.

இதுவரை எந்தப் பெண்ணிடமும் நான் சொல்லாத சங்கதி அது. எங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். மீன் கிடைக்கிற இடத்துக்குக் கடலில் கோடு கிடையாது. கரையில் இருக்கிற இரண்டு பொருளைச் சேர்த்துப் பார்த்துத்தான் இடம் பிடிப்போம். தீப்பெட்டிக் கம்பெனிப் புகைக்கூண்டும் கோவில் கோபுரமும் ஒன்றுக்கு நேர் ஒன்று வந்தால் அடியில் பாறை. அந்த இடத்தை மரத்தில் கூட வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. அண்ணன் தம்பிக்கே சொல்வதில்லை. வீட்டுப் பெண்களுக்குச் சொன்னால் மீன் போய்விடும் என்பார்கள். பெண்கள் மரத்தில் ஏறுவதும் இல்லை. அதனால் அவளுக்குக் கடல் என்றால் கரையில் நின்று பார்க்கிற வெறும் தண்ணீர்தான். அவள் அப்பாவை விழுங்கின தண்ணீர். நாங்கள் போய் மறைகிற இடம் ஒன்றுமில்லாத இடம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

நான் சொன்னேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கட்டிப்போட்ட இடத்தில் எதிரில் ஆள் இல்லை, பக்கத்தில்தான் இருந்தாள், அதுவும் காரணமாக இருக்கலாம். "மணிக்கூண்ட பாரு. லைட்ட பாரு. இப்ப லைட்டு மணிக்கூண்டுக்கு இந்தப் பக்கம் கீது. சுத்தும்போது பாத்துகினே இரு" என்றேன். ராட்டினம் நகர்ந்தது. நாங்கள் இறங்க இறங்க மணிக்கூண்டு உயர்ந்து விளக்கை மறைத்தது. மறுபடி ஏறும்போது அதன் பின்னாலிருந்து விளக்கு எட்டிப் பார்த்து வெளியே வந்தது. "தோ வந்துச்சு, வந்துச்சு" என்று கத்தினாள். "இப்டித்தான் எங்களுக்கும். நாங்க எங்க போனாலும் கரைய பாத்துகினேதான் போறோம். கடல யாரும் பாக்கறதில்ல" என்றேன். புகைக்கூண்டையும் கோபுரத்தையும் சொன்னேன். எங்கள் பாறை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

இடுப்பைச் சுற்றியிருந்த கயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அங்கயும் இப்டித்தான் உன்னக் கட்டிக்குவியா?" என்றாள்.

"ஐயே, ஆளக் கட்ட மாட்டோம். மரத்தைத்தான் கட்டுவோம். கவுந்தா ஆளு நீஞ்சி மேல வரணுமில்ல?"

"அப்ப என்ன ஏன் கட்டுன?"

"உனுக்கு நீச்சல் தெரியாதே" என்றேன்.

தொட்டி ஆட ஆடச் சிரித்தாள். கீழே வந்தபோதும் முடிச்சு அவிழவில்லை. ராட்டினக்காரனே பின்னால் வந்து, திட்டிக்கொண்டே அவிழ்த்துவிட்டான். அவிழ்த்த பிறகு கயிற்றைக் கையில் வைத்துப் பார்த்து, "இன்னா முடிச்சுயா இது, பேஜாரு புட்ச்ச முடிச்சு" என்று சொல்லி என்னிடம் கொடுத்தான்.

மறுநாள் காலை சகலை காக்கி போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். இவள் எது சொல்கிறாளோ அப்படியே செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மேஸ்திரியிடம் போ என்றால் போகிறது. இடத்தைச் சொல்லியாகிவிட்டது, இனி அவளிடம் ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இவள் அக்காள் கையிலிருந்த காபியை வாங்கி சகலையிடம் கொடுத்துவிட்டு, "மாமா, அந்த வேலைய வேற யாருக்குனா சொல்லு" என்றாள்.

சகலை காபியைக் கீழே வைத்தார். "இன்னாமே சொல்ற? நீதான ஆளு மேல ஆளு வுட்டு அய்த? ராட்டினத்துல சுத்தி மூள கலங்கிப் போச்சா?"

"கலங்கல. தெளிஞ்சுது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. வானம் கறுத்தா போவக்கூடாது. போறதுக்கு முன்னாடி எந்த எடத்துக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும். இன்னாத்துக்கு நேரு இன்னாது வரும்னு சொல்லணும்."

நான் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை எதற்கு ஆட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மரத்தில் என்னோடு வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து தினமும் என்னைக் கிண்டல் செய்தார்கள். "இன்னிக்கு எங்க வலை போடலாம்னு உன் பொண்டாட்டியக் கேட்டுகினு வா" என்பார்கள். மீன் ஒன்றும் போய்விடவில்லை. விடியுமுன் நான் மரத்தைத் தள்ளும்போது இவள் கரைக்கு வந்து தெற்கே பார்ப்பாள். கோர்ட்டு லைட்டு கரையில் தெரிந்தால் எங்களுக்கும் தெரியும் என்று கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். மேக மூட்டத்தில் தெரியவில்லை என்றால் "இன்னிக்கி வாணாம்" என்பாள். நாங்கள் போவதில்லை. ஒரு தடவை நாங்கள் திரும்ப நேரமாகிவிட்டது. தேடி வரக் கிளம்பிய ஆட்கள் வடக்கே போவதா தெற்கே போவதா என்று நின்றபோது, எந்த இடம் என்று சொல்லி அனுப்பியவள் இவள்தான். பாய் கிழிந்து கிடந்த எங்களிடம் அவர்கள் நேராக வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் கிண்டல் நின்றது. இப்போது இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

என்ன எடுத்துப் போவது என்றுதான் ஆரம்பித்தேன். தண்ணீர் எடுத்துப் போங்கள். பொரிகடலை வாங்குங்கள். பழகாத செருப்பு வேண்டாம். ராயபுரத்தில் சொந்தம் இருந்தால் கருவாட்டை மூன்று சுற்றாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் நாற்றத்துக்குப் பஸ்ஸிலிருந்து இறக்கி விட்டுவிடுவார்கள். பவுடர் அவரவர் இஷ்டம்.

கயிற்றைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். இந்த வருஷம் நாங்களும் போகிறோம். பெண் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாள், அவளுக்கு ராட்டினம் காட்ட வேண்டும். எங்களிடம் இப்போது பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறது. அப்படியும் இன்று காலையில் பார்த்தால், என் மனைவி அந்தக் கயிற்றை எடுத்து வெயிலில் காயப் போட்டிருந்தாள். இந்த வாட்டி முடிச்சை முன்னாலேயே போட்டுவிடுகிறேன் என்றேன். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே, "பின்னாலயே போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எண்ணூர்,
1958, மார்கழி மாதம் பிறந்த மறுநாள்.